சுவர் மூடுமுன்

முதல் படம் ஒன்றுக்கும் உதவாது.
சாவி கைக்கு வந்த அன்று எடுத்தது.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
வாசலில் நிற்கிறான் நிவால்தோ.
வீடு வாங்கியவன் மாதிரியே இல்லை,
விற்க வந்து ஏமாந்தவன் மாதிரி.

வால்பராய்சோவில், பரோன் குன்றில்,
எல்லா வீடும் கடலை எட்டிப் பார்க்கும்.
எங்களுடையது மட்டும்
பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது.
அதனால்தான் விலை படிந்தது.

வெள்ளிதோறும் ஒரே இடத்தில் நின்று
ஒரே கோணத்தில் எடுப்பது என்று முடிவு.
கூடத்துப் பலகையில் சாக்கட்டியால்
இரண்டு பாதம் வரைந்து வைத்தேன்.
மூன்றாம் வெள்ளி அந்தப் பலகையையே பெயர்த்துவிட்டார்கள்.
பிறகு உத்திரத்தில் ஒரு கால், ஏணியில் ஒரு கால்,
கிடைத்ததே கோணம்.

ஜூன் மழையில் கல்லான ஆறு மூட்டை சிமெண்ட்.
துருப்பிடித்த தகரத்தை உரித்த பக்கம்
மரச்சட்டத்துக்குள் அடைத்த களிமண், வைக்கோல்,
அதில் யாரோ எலிக்குப் பயந்து செருகிய கண்ணாடிச் சில்லு.
அப்புறம் இரண்டு வாரம் படமே கிடையாது.
குளியலறை ஓடு
நான் நீலம் என்றேன், அவன் சாம்பல் என்றான்.
அடுத்த படத்தில் ஓடு பச்சையாக இருக்கிறது.
எப்படி என்று இருவருக்கும் ஞாபகமில்லை.

"சுவர் திறந்திருக்கும்போதே எடுத்து வைங்க, செஞ்யோரா.
மூடிட்டா அப்புறம் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.
அவரும் மறந்துடுவாரு."
மின்வேலைக்கு வந்த ஒசோரியோ சொன்னது.
ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில்
அளவுக்காகத் தன் கட்டைவிரலை வைத்துக் காட்டுவார்.
பாதி நகம் கறுத்த, அகன்ற விரல்.
"ரெண்டரை சென்டிமீட்டர். எழுதிக்கோங்க."
எழுதிக்கொண்டேன்.
காமிராவை முகத்துக்கு உயர்த்தினால்
"வேலையை எடுங்க" என்று திரும்பிக்கொள்வார்.

அறுபத்தொரு படத்தில் அந்த விரல் இருக்கிறது.
ஒன்றில்கூட ஆள் இல்லை.

டிசம்பரில் சுவர்கள் வெள்ளையாக மூடிக்கொண்டன.
கடைசிப் படத்துக்கு
நாத்தனார் வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கினோம்.
பார்க்க வருகிறவர்கள் இரண்டே படம் கேட்கிறார்கள்,
முதலாவதும் கடைசியும்.
நடுவில் கிடக்கும் பதினொரு மாதத்தை
விரலால் ஒரே தள்ளு.
அடடா என்கிறார்கள்,
காபி கேட்கிறார்கள்.

மார்ச்சில் ஒசோரியோ சுரங்க வேலைக்கு
அந்தோஃபகஸ்தா போய்விட்டாராம்.
அந்த எண்ணில் இப்போது
ஒரு பல் மருத்துவமனை பேசுகிறது.

நேற்று ராத்திரி ஒரு சின்ன நடுக்கம்.
நாங்கள் எழுந்துகூடப் பார்க்கவில்லை.
காலையில் கூடத்துக் கண்ணாடி
தரையில் சாய்ந்து கிடந்தது, உடையாமல்,
கூரையைப் பார்த்தபடி.
ஆழமாக ஒரு கொக்கி போடவேண்டும்.
நிவால்தோ துளைக்கருவியோடு வந்து
சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்தான்.
எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.
ஒரே வெள்ளை.

இரு, என்றேன்.
தள்ளிக்கொண்டே போய் நூற்று நாற்பத்து மூன்றில் நின்றேன்.
கலங்கலான படம்.
ஜன்னல் சட்டம், அதை ஒட்டி வைக்கோல்,
மேலிருந்து இறங்கும் கறுப்புக் கம்பி,
கம்பிமேல் விரல்.

"சட்டத்திலிருந்து கம்பி எவ்வளவு தூரம்?"
"ஏழு ஒசோரியோ.
நீ ஒன்பதில் போடு."

அவன் சிரிக்கவில்லை.
தன் கட்டைவிரலைச் சட்டத்தருகே வைத்து
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனான்.
உன்னுடையது ஒல்லி, என்றேன்,
இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்.