அந்திக்குக் கீழே ஒரு வாய்

மார்க்கம், ஸ்டீல்ஸ் அவெனியூ. டிசம்பர்.
நாலரைக்கே பகல் கடையைச் சாத்திவிட்டது.
வேலைச்சீட்டில்: பெயர்ப்பலகை, மேல்பாதி எரியவில்லை.
அனுப்பப்படுபவர்: யோகா.

யோகாம்பிகையை அலுவலகக் கணினி
பாதியில் நறுக்கி வைத்திருக்கிறது.
புதிதாய்ச் சேரும் ஒவ்வொருவனும்
பாய் கொண்டுவந்தாயா என்று ஒருமுறை கேட்பான்.
சிரித்து முடியும்வரை
நான் வயர் சீவிக்கொண்டிருப்பேன்.

தேநீர்க் கடைக்கு ஒற்றை எழுத்துதான் பலகை.
名
ஆளுயரம், சிவப்பு.
மேலே உள்ளது செத்துக் கிடக்க
கீழே சதுரம் மட்டும் எரிகிறது,
எங்கள் ‘ப’வுக்கு மூடி போட்டது போல.

கடைக்காரி மிஸஸ் ஔயுங் கீழிருந்து கத்துகிறார்:
“இரண்டு வாரமாய் என் கடைக்குப் பெயர் ‘வாய்’.
வியாபாரம் குறையவில்லை. இருந்தாலும் சரிசெய்.”

அப்போ மேலே செத்தது?
“அந்தி.
நிலாவில் ஒரு கோட்டைக் குறைத்தால் அந்தி.”
அந்தியும் வாயும் சேர்ந்தால்?
“பெயர்.
பகலில் முகம் போதும்.
இருட்டினால் எதிரே வருபவன் யாரோ.
வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும்,
நான் இன்னார், அடிக்காதே.”

நிஜமா?

“என் அக்கா இல்லை என்பாள், படித்தவள்.
எலும்பில் கீறிய பழைய எழுத்தைப் பார்த்தவர்களே
இன்னும் சண்டையில் இருக்கிறார்களாம்.
எனக்கு இந்தக் கதை பிடித்தது.
பலகைக்குக் காசு கொடுத்தது நான்.”

மூடியைத் திறந்தேன். கருகிய மணம்.
கையுறை போட்டால் திருகாணி பிடிபடாது,
கழற்றினால் விரல் என்னுடையதில்லை.

“உன் மொழியில் பெயருக்கு என்ன?”

பெயர்தான்.
அதே சொல்லை வினையாக்கினால்
சுவரில் காரை பெயரும்,
காற்றில் மரம் வேரோடு பெயரும்,
ஒரு விடியலில் ஊரே பெயரும்.
இடம்பெயர்ந்தோர் என்று
பொதுவாய் ஒரு பெயர் தந்து
அட்டையில் எண் எழுதிக் கொடுத்தார்கள்.
இதையெல்லாம் ஏணி உச்சியிலிருந்து
பனிக்காற்றில் ஆங்கிலத்தில் கத்த முடியுமா?

“நகரும்” என்றேன்.
“என்னது?”
“எங்கள் பெயர். நகரும்.”
அவருக்கு என்ன கேட்டதோ, தலையாட்டினார்.

மெயினை அணைத்தேன்.
வாயும் போயிற்று.
ஜன்னலும் வாசலும் அவர் முகமும் போயின.
சமையலறைப் பக்கமிருந்து யாரோ ஓடிவந்தான்,
ஆண்குரல், பதற்றம்:
“யார் அது மேலே?”

யோகா என்றுதான் நாக்கு எழும்பியது.
பிறகு, ஏனோ,
முழுசாய்ச் சொன்னேன்.
யோகாம்பிகை.
குளிரில் ஒவ்வோர் எழுத்தும் ஆவியாய்ப் போனதை
நான்கூடப் பார்க்கவில்லை, இருட்டு.

“யோ, காம்…” தடுக்கி விழுந்து எழுந்தான்.
“நான் வெய்லுன்” என்றான்.
கொஞ்சம் தள்ளி அவர்:
“நான் மேய்-யீ.”
இதுவரை சொன்னதேயில்லை.

வெளிச்சம் வந்தபோது மூவரும்
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பலகை எரிந்தது, அந்தியும் வாயும்.
அந்திக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கோடு மட்டும்
விட்டுவிட்டு மினுங்கிற்று.
அதற்கான துண்டு கைவசம் இல்லை.
கையெழுத்து கட்டத்துக்கு வெளியே வழிய
சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
மிச்சம், திங்கள் வரும்.