தாளைக் கழித்து

துலூத்தில் ஏரியின் பனி இன்னும் உடையவில்லை.
செயின்ட் பாலுக்கு இரண்டரை மணி நேரம்,
ஹீட்டர் ஓடாத வண்டி.
எலுமிச்சை தேய்த்துக் கழுவியும்
கையில் மீன் புகை வாசம்.

ரெய்னோவை அழைத்து வரவில்லை.
மேல்முறையீட்டுக்கு ஆள் தேவையில்லையாம்,
காகிதம் போதுமாம்.
"புதுச் சாட்சி கிடையாது, அழுகை கிடையாது,
கீழ்க்கோர்ட்டில் என்ன பதிவாச்சோ அதுதான் உலகம்"
என்றாள் வக்கீல் ட்வெய்ட்.
அவள் காலணியில் சாலை உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

அவன் விற்றான்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
பெட்ரோல் பங்க்கின் பின்புறம், ஒரு வியாழக்கிழமை,
போலீஸ் எண் குறித்துக் கொடுத்தனுப்பிய நோட்டுகளை
எண்ணி வாங்கிக்கொண்டு விற்றான்.
என் தம்பி குற்றமற்றவன் என்று
யாரிடமும் நான் வாதாடவில்லை,
கடவுளிடம்கூட.

நான் கேட்பது வேறு.
பதினேழு கிராமைத் தொட்டால் ஒரு பிரிவு,
தொடாவிட்டால் இன்னொன்று.
நடுவில் ஏழு வருஷம்.
ஆய்வக அறிக்கையில் பதினேழு புள்ளி இரண்டு.
புகைப்படத்தில் தராசுத் தட்டைப் பார்த்தேன்:
பொடி பையோடு கிடந்தது.
முடிச்சுப் போட்ட பை.

பதினோரு வருஷமாய் மீன் நிறுக்கிறேன்.
முதலில் வெறும் தாள்.
திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
பிறகுதான் மீன்.
தாளை மீன் விலைக்கு விற்றால் கடைக்குப் பேர் கெடும்.
இதைப் போய் ஓர் அரசாங்கத்துக்கு
எவர் சொல்லிக்கொடுப்பது?

விசாரணையில் இருந்த வக்கீல் கேட்கவில்லை.
கேட்காதது பதிவாகவில்லை.
பதிவாகாதது நடக்கவேயில்லை.

மூன்று நீதிபதிகள். பதினைந்து நிமிஷம்.
மேஜையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள்,
ஏதோ நாற்சந்தி மாதிரி.
நடுவில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்:
"பையின் எடை மட்டும் எவ்வளவு? பதிவில் உண்டா?"
"இல்லை, கனம் நீதிபதி அவர்களே, எங்கள் வாதமே அதுதான், அதை யாரும்"
சிவப்பு.

கடைசி பெஞ்சில் ஹார்லன் ஸ்ட்ரூப்.
தொப்பியை மடியில் வைத்திருந்தார்.
அவர் மகள் மாரிட் சாகவில்லை.
பகலெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்,
குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலோடு பேசுகிறாள்.
ரெய்னோவிடம் எத்தனை தடவை வாங்கினாள் என்பது
எந்தப் பதிவிலும் இல்லை.
எனக்கும் தெரியாது.
தெரிந்துகொள்ள நான் கேட்டதும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார்.
வழக்கம்போல் புகை போட்ட வெண்மீன், ஒரு துண்டு.
தாளை வைத்தேன். முள் நகர்ந்தது.
திருகில் கை வைத்தேன்.
"விடு," என்றார்,
"தாளையும் சேர்த்தே போடு."

கோபமா என்று முகத்தில் பார்த்தேன்.
முகத்தில் குளிர்தான் இருந்தது.
பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
நான் கழித்தேன்.
மீதிச் சில்லறையைத் தொடாமல் போய்விட்டார்.
அறுபது சென்ட். கல்லாவுக்குப் பக்கத்துக் கோப்பையில்
இன்னும் கிடக்கிறது.

அன்று கதவைச் சாத்திய பிறகு
அதே மாதிரி ஒரு பையை எடுத்து
முடிச்சுப் போட்டுத் தட்டில் வைத்தேன்.
முள் அசையவில்லை.
தட்டினேன். குனிந்து, கண்ணை அதற்கு நேராக வைத்துப் பார்த்தேன்.
மீன் தராசுக்கு அது ஒரு எடையே இல்லை.

தீர்ப்பு தொண்ணூறு நாளுக்குள் தபாலில் வரும்.
இன்று நாற்பத்தொன்று.