கைபேசி எண் கட்டாயம்

ஒன்பது பதிவேடுகள் இருந்தன.
தாய்சேய் ஒன்று, தடுப்பூசி ஒன்று, தகுதியுள்ள தம்பதியர் ஒன்று,
மற்றவை எதற்கென்று
ஆடிட் வரும் நாளில்தான் நினைவு வரும்.
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் அடுக்கி
மேலே ஊசிப் பெட்டியை வைத்து
கால் இரண்டையும் வெளியே அகட்டிக்கொண்டு
ஒடுகத்தூரிலிருந்து மலையேறுவேன்.
வெள்ளிக்கிழமையென்றால்
சந்தைக்கு இறங்கும் ஆடுகள் வழிவிடாது.

இப்போது ஒரு டேப்லெட்.
தோள்பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்.
இடுப்புவலி குறைந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
யாருக்கு எத்தனையாவது வாரம், யாருக்கு ரத்தம் ஏழுக்குக் கீழே,
அதுவே சிவப்பில் எடுத்து நீட்டுகிறது.
போன ஐப்பசியில் சாமந்தியை
அது காட்டித்தான் கண்டுபிடித்தேன்.
நான் மறந்தே போயிருந்தேன்.

ஆனால் மலைமேல் யாரிடம் இருக்கிறது போன்?
"அவுரு எடுத்துகினு திருப்பூருக்குப் போய்க்கீறாரு, நர்ஸம்மா."
"கெணத்துல உழுந்துட்ச்சி."
"இன்னாத்துக்கு அது, டவரே இல்லாத ஊர்ல?"
கைபேசி எண் கட்டாயம் என்றது திரை.
கட்டத்தைக் காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.
எடை, உயரம், கடைசி மாதவிலக்கு எல்லாம்
அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றன.

என் எண்ணைப் போட்டேன்.
முதலில் வெள்ளச்சிக்கு. பிறகு கோசலைக்கு.
பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பதினோரு கர்ப்பம் எனக்கு,
நாற்பத்தொன்பது வயதில்.
பாத்திரம் துலக்கும்போது செய்தி வரும்:
அன்புள்ள தாய்க்கு, இது உங்கள் இருபதாவது வாரம்,
குழந்தையின் அசைவை இனி நீங்கள் உணரலாம்.
ஒரே ராத்திரியில் மூன்று முறை
சத்து மாத்திரை போடச் சொல்லும்.
"இன்னாமே, இப்ப எத்தினி மாசம்?" என்பார் வீட்டுக்காரர்.
சிரிப்பேன்.
காலையில் மலையேறி
ஒவ்வொரு செய்தியையும் உரியவளிடம்
வாயால் ஒப்படைப்பேன்.

கோசலையின் மகன் ஆறாம் வாரத்து ஊசிக்கு வந்தான்.
கூரையைப் பெயர்க்கிற அழுகை.
பதினாலாம் வாரத்துக்கு வரவில்லை.
மழையில் ரோடு அறுந்த நாள்
மூச்சு இழுக்க இழுக்கத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்,
மூன்றாவது வளைவு வரை.

பதிவேடு என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு.
ஓரத்தில் பென்சிலால் எனக்கு மட்டும் ஒரு வரி:
இந்த வீட்டுக்குப் போகும்போது
எடைத் தராசை வெளியே எடுக்காதே.
இதில் காரணங்கள் பட்டியலாக விரிகின்றன.
இடம்பெயர்வு. மறுப்பு. வீடு பூட்டியிருந்தது. இறப்பு. பிற.
இறப்பைத் தொட்டேன்.
தாயின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது,
கேட்டுப் பெற்று உள்ளிடவும்.

தாயின் கைபேசி
என் கோட்டுப் பையில் அதிர்ந்தது.

பத்து நிமிடத்தில் காலாவதி.
சிக்னல் கிடைக்கிற பாறைமேல் உட்கார்ந்திருந்தேன்.
பத்து நிமிடம் போனது.

அப்படியே ஆறு மாதம்.
அவனுக்குக் கழுத்து நின்றது, உட்கார வந்தது,
கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம் என்றார்கள்.
ஒன்பதாம் மாதம், தட்டம்மை ஊசி,
தவறாமல் அழைத்து வரவும்.

மீட்டிங்கில் கேட்டார்கள்:
"உங்க ஏரியாவுல ஒரே ஒரு பேர் சிவப்பா நிக்குது சிஸ்டர்,
ஊரைவிட்டுப் போயிட்டாங்கன்னு போட்டாவது முடிங்க."
"இல்ல சார், அங்கதான் இருக்காங்க."

அன்று சாயந்திரம் அதே பாறை.
ஒரு கையில் கேட்டு, மறு கையில் பெற்று
நானே உள்ளிட்டேன்.
நன்றி என்றது.
ஒத்திசைக்கப்படுகிறது என்று ஒரு வட்டம்
மேகம் இறங்கும்வரை சுற்றிக்கொண்டிருந்தது.

சாமைக் கட்டோடு கோசலை வந்தாள்.
"இன்னா நர்ஸம்மா, இங்க குந்திகினு கீறீங்க?"
"டவருக்கு" என்றேன்.

போன் மறுபடி அதிர்ந்தது.
முப்பத்தாறாவது வாரம், வெள்ளச்சிக்கு.
கால் வீங்கியிருக்கிறதா என்று
என்னைக் கேட்டது.
குனிந்து பார்த்தேன்.
அவள் வீடு இன்னும் இரண்டு கொல்லை தாண்டி.