கண்மட்டம்

வூப்பர்டால். வெள்ளிக்கிழமை, ஆறாம் பாடம்.
ஆற்றின்மேல் தொங்கியபடி ஓடும் ரயில்
யன்னலை ஒருகணம் இருட்டாக்கிவிட்டுப் போகிறது.
கரும்பலகையில் ஒரு குச்சி மனிதனை வரைந்தேன்,
அவன் கண்ணிலிருந்து நேராக ஒரு கோடு.
இது கண்மட்டம், சாதாரணம்.
கோட்டுக்கு மேலே பறவைப் பார்வை,
கீழே தவளைப் பார்வை.
இந்த நாட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நான் மனனம் செய்த இலக்கணத்திலும்
ஒரு பருந்து இருந்தது, ஒரு தவளை இருந்தது.
அந்தத் தவளை பாயும்.
இது குந்தியிருந்து அண்ணாந்து பார்க்கும்.
அது பார்த்தால் எவனும் அரசன், இல்லாவிட்டால் பூதம்
என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுவேலை: ஐந்து ஷாட், வசனம் கூடாது,
கைபேசி போதும்.

யெட்டெ தன் பூனையின் மீசைக்கு மட்டும்
மூன்று க்ளோஸ்-அப் வைத்திருந்தாள்.
மெர்ட் நாலாம் மாடியிலிருந்து தம்பியை எடுத்திருந்தான்;
படத்துக்கு வெளியே தாய் ஏசிக்கொண்டிருந்தார்.

யோரிஸ் காட்டியது:
பேக்கரிக் கண்ணாடியின் விளிம்பு, அதன்மேல் ஒரு மோவாய்,
மிச்சக் காசோடு இறங்கி வரும் கை.
பஸ் தரிப்பில் கோட்டுப் பொத்தான்கள், பொத்தான்கள்.
லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு தாள்.
கீழிருந்து, ரயிலின் வயிறு.
கடைசியாக நான்:
இரண்டு மூக்குத் துவாரம்,
ஒரு சர்வாதிகாரியின் தாடை,
தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாய்க் குழல்விளக்கு.

வகுப்பு சிரித்தது. நானும்தான்.
ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு எனக்கு,
பத்தாம் வகுப்பே குனிந்துதான் வணக்கம் சொல்லும்.
இவ்வளவு பெரிதாக
ஒருநாளும் நான் இருந்ததில்லை.

தாளில் எழுதினேன்:
'எல்லாமே தவளைப் பார்வை. கோணம் மாறவேண்டும்.'

வாசித்தான். தாளை மடியில் வைத்து
சக்கரங்களை அரைவட்டம் திருப்பி
என் மேசைக்கு வந்தான்.
"யார் தவளை, ஃபிராவ் பரஞ்சோதி?
நான் இருந்தபடியே எடுத்தேன்.
எப்போதும் இருந்தபடிதான்.
இது கண்மட்டம்."

கோபமில்லை. எழுத்துப்பிழை திருத்தும் குரல்,
அவர்களோடு நான் பாவிப்பது.

என் மொழியில் உட்கார்வதற்கும் உயிரோடிருப்பதற்கும்
ஒரே சொல்.
அதை அவனுக்குச் சொல்லி
என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

முக்காலியை இறக்குவோம் என்றேன்.
நடுத்திருகுகள் மூன்றும் கழன்றன.
கீழ்த்திருகு அசையவில்லை.
பள்ளிக்கூடம் வாங்கிய நாளிலிருந்து
ஒரு கையும் அதில் பட்டிருக்காது.
மெர்ட் பல்லைக் கடித்துத் திருகினான்,
யெட்டெ சட்டைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்தாள்,
யாரோ எண்ணெய் கேட்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினார்கள்.
நானும் முட்டியை ஊன்றி
மூன்றாம் காலோடு மல்லுக்கட்டினேன்.

மணி அடித்தது.
நிமிரப் போனோம்.
யோரிஸ் கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான்,
சட்டகம் நிறைய எங்கள் முகங்கள்.
இன்னும் அவன்
கட் சொல்லவில்லை.