சலவை அறையில் ஒரு பச்சை விளக்கு

பதினொரு பிராங் நாற்பது சதம்.
கடித உறைக்குள் வந்தது, பெட்டி கூட இல்லை.
சூயிங்கம் துண்டளவு பலகை,
இரு ஓரமும் பல் முளைக்காத ஈறு போலத் துளைகள்.
ஊசிகளை நாமே ஈயம் வைத்துப் பற்றவேண்டுமாம்.
அதை விளம்பரத்தில் எழுதவில்லை.

பற்றினேன்.
மூன்றாவது ஊசியும் நாலாவதும் ஒட்டிக்கொண்டன,
இன்றுவரை ஒரே குரலில்தான் பேசுகின்றன.

எனக்கு வேண்டியது சின்ன விசயம்.
லாங்கன்தாலில் நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை,
பதின்மூன்று நாளுக்கொருமுறை நிலவறையில் என் சலவை முறை.
இரவுவேலை முடித்து வந்து இயந்திரத்தைப் போட்டுவிட்டு
கண் அயர்ந்தால்
திருவாளர் ஆபெகுலென் என் உடுப்பை எடுத்துக் கூடையில் வைத்து
மேலே ஒரு துண்டுக் கடிதம் வைப்பார்.
மிக மரியாதையான கடிதம்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

பலகைக்கு நடுக்கம் தெரியும்.
நடுங்கினால் ஒன்று, நின்றால் சுழியம்.
நின்றதும் என் கைபேசிக்கு ஒரு சொல் அனுப்பவேண்டும்,
அவ்வளவுதான்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, சரி.
மூன்று வோல்ட் கடுகுக்கு ஐந்து வோல்ட் ஊற்றினால்?
வெடித்தது. ஒரு துளி புகை,
தாளித்த மணம் மட்டும் இல்லை.
இன்னொரு பதினொரு பிராங் நாற்பது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஓர் எஸ் எடுத்தவள் நான்.
நான் எழுதிய இருபது வரியை அது அப்படியே நம்பியது.
எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை,
ஜெர்மன் எந்தப் படி என்று கேட்கவில்லை.
ஓர் அரைப்புள்ளி பிசகினால் மட்டும்
கந்தோர்க்காரர் போல
முழுப் படிவத்தையும் திருப்பி அனுப்பும்.

நிலவறை என்றால் இங்கே பதுங்குமிடம்.
ஒரு முழக் கனத்தில் கொங்கிரீட் கதவு,
அணுகுண்டும் உள்ளே வராது, வைஃபையும் வெளியே போகாது.
நாங்கள் வெட்டிய பங்கருக்குள்
வானொலி தெளிவாகக் கேட்டது.
பனங்குற்றி அப்படி.

படிக்கட்டுத் திருப்பத்தில் மூன்றாவது பலகை,
கீழே உள்ளவள் சொல்வதை மேலே சொல்ல.
மொத்தம் முப்பத்துநாலு பிராங் இருபது.
இதற்கு ஓர் அலாரம் வாங்கியிருக்கலாம்.
வாங்கலாம், ஆனால் அலாரம்
இயந்திரம் எப்போது நிற்கும் என்று ஊகிக்கும்.
இது ஊகிப்பதில்லை.

மிளகாய்த்தூள் டப்பாவில் அடைத்து
இயந்திரத்தின் முதுகில் ஒட்டினேன்.
உள்ளே ஒரு பச்சை விளக்கு, எந்தக் கட்டளைக்கும் அணையாது.
நான் சொன்னால் பலகை தூங்கும்,
விளக்கு மட்டும் விழித்திருந்து மின்கலத்தைத் தின்னும்.
பதினொரு நாளில் மின்கலம் காலி,
என் முறையோ பதின்மூன்றாம் நாள்.

அதற்குள் கடிதம் வந்தது.
"மதிப்புக்குரிய திருமதி குணநாயகம்,
வயர்களும் பச்சை விளக்கும் உள்ள பொருள் தங்களுடையதா?
போலீசுக்கு அறிவிக்குமுன் கேட்கிறேன்."

அகராதி பார்த்துப் பதில் எழுதினேன்.
அதற்குக் கண் இல்லை, காது இல்லை.
நேரம் தெரியாது, மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும்.
வெடிக்காது
என்று எழுதும்போது கை ஒரு கணம் நின்றது.
எழுதிவிட்டேன்.

பிறகு சவர அலகால் அந்த விளக்கைச் சுரண்டி எடுத்தேன்.
உழுந்தை விடச் சிறியது, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.
இப்போது பலகை இருட்டில் கிடக்கிறது,
மாதக்கணக்கில் ஒரே மின்கலம்.

இன்று வியாழன். என் முறை இல்லை.
பத்தே காலுக்குக் கைபேசி அதிர்ந்தது: முடிந்தது.
யாருடைய உடுப்பு என்று பலகைக்குத் தெரியாது.
இதைக் குறையில் சேர்ப்பதா, நிறையில் சேர்ப்பதா என்று
போர்வைக்குள் கிடந்து யோசித்தேன்.
பதினொரு மணி ஆயிற்று.
படியில் ஆபெகுலெனின் செருப்புச் சத்தம் இல்லை.

எழுந்தேன்.
இறங்குமுன்
ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.