சாட்சிப் பொருள்

கத்தி என்னுடையது.
ஜிலீப் சந்தையில் முக்கால் தினார்,
சிவப்புப் பிடி.
ஆறு பேருக்கும் அதுதான்
வெங்காயத்துக்கு, வெள்ளிக்கிழமை வாவலுக்கு.

சண்டை ஏசி ரிமோட்டுக்கு.
பவுன்ராஜுக்குக் குளிர் ஆகாது.
பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிய தவசி
பதினெட்டைத் தாண்டினால் புரண்டுகொண்டே கிடப்பான்.
இவ்வளவுதான் என்று
மூன்று தடவை சொன்னேன்.
அரபியில் மாற்றிச் சொன்ன மலையாளி
மூன்று தடவையும் என் முகத்தைப் பார்த்தார்,
மிச்சம் எங்கே என்பதுபோல.

மிச்சம் இருந்தது.
அன்று சாயங்காலம்தான்
பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து
அதன் அடியில் தேய்த்துத் தேய்த்து
நான் அதைத் தீட்டினேன்.
தக்காளி நசுங்குது, அறுபடவே மாட்டேங்குது என்று
ரெண்டு நாளாய் நச்சரித்தது
தவசி.

பைக்குள் கத்தி. பைமேல் ஓர் எண்.
வலமிருந்து ஓடிவரும் எழுத்துக்களுக்கு எதிரே
இடமிருந்து போய் முட்டியது
என் கையெழுத்து.

நாற்பது நாளாச்சு.
ரிமோட்டை யாரும் தொடுவதில்லை,
இருபத்திரண்டிலேயே நிற்கிறது.
முஷ்டியால் உடைக்கிறோம் வெங்காயத்தை,
குழம்பில் தோல் மிதக்கிறது,
ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறோம்.

தவசியின் கட்டிலுக்கு வந்த பையன்
நேற்று ஒரு கிலோ தக்காளி வாங்கி வந்தான்.
கழுவினான்.
கத்தி எங்கண்ணே, என்றான்.