கலிமாவுக்கு மறுநாள்

நேற்றிரவு சஹாரா கடல் தாண்டி வந்து
லாஸ் பால்மாஸில் வீடுவீடாக உட்கார்ந்துவிட்டது,
வறுத்த மாவின் நிறத்தில்.

இதாய்ரா முதலில் துணியை நனைத்துப் பிழிகிறாள்.
உலர்துணி மணலை இழுத்துக்கொண்டே போகும்;
அலமாரிக் கண்ணாடியில் போன வருடக் கீறல் சாட்சி.
ரேடியோவின் வலைக்கு ஈரம் ஆகாது,
மயிர் உதிர்ந்த மேக்கப் தூரிகை போதும்.
கள்ளிச்செடிக்கு?
வாயால் ஊதினாள்.
கண்ணில் விழுந்தது.

சாப்பாட்டு மேசையில் கை நின்றது.
தூசியில் விரலால் எழுதிய ஒன்பது எண்கள்.
யாரோ ஒருவரின் ஃபோன் நம்பர்.
மளிகை ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டு
ஒரே இழுப்பில் துடைத்தாள்.

மாலையில் அயோசே
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"யார் நம்பர் இது?"
"நீதானே எழுதினாய்?"
"இல்லையே."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
ராத்திரி சாத்தியிருக்கவில்லை.